ஆறாவது உதை

கேம் ரிமோட்டைப் பிரித்து வைத்து, பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பரைப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தாள் அக்காக்காரி. ஒரு சீவல், ஓர் அழுத்தல், மறுபடி ஒரு சீவல். அதிகம் சீவினால் பட்டன் தானாகவே அமுங்கிக் கிடக்கும். குறைத்துச் சீவினால் தம்பியின் கட்டைவிரலுக்குத் தெம்பு போதாது. பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்ப்பவள். கைக்கு நிதானம் உண்டு. வாய்க்குத்தான் கிடையாது.

"சிஸ்டரம்மா, இந்த எருமையோட விரலைப் பிடிச்சுப் பாருங்க. எப்படி இருக்கு?"

பிடித்துப் பார்த்தேன். போன வாரத்தைவிடத் தெம்பு குறைவு. அதையே சொன்னேன். நோயாளியின் தலைமாட்டில் நின்று பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். தசைகள் ஒவ்வொன்றாகச் சொல்பேச்சுக் கேட்காமல் போகும் நோய் அவனுக்கு. கால்கள் முதலில் போயின, பிறகு இடது கை. அவனைப் பார்த்துக்கொள்ள நர்ஸாக நான் போனபோது மிச்சம் இருந்தவை வாயும் வலது கட்டைவிரலும். இரண்டையும் அக்காவைச் சீண்டவே வைத்திருந்தான்.

டி.வி.க்குக் கீழே ஒரு பழைய கேம் பெட்டி. அதில் அவர்கள் சிறுவயதிலிருந்து ஆடிவந்த சண்டை விளையாட்டு. அவனுக்கு எப்போதும் ஒரு மல்யுத்தக்காரன், பட்டப்பெயர் தொப்பையன். அவளுக்கு உதைத்தே ஆளைச் சாய்க்கும் ஒல்லிப் பெண், பட்டப்பெயர் குச்சி. இருபது வருடத்தில் அவள் ஜெயித்தது அத்தி பூத்தாற்போலத்தான். விரல்கள் போன பிறகு கணக்கு தலைகீழானது.

"ஒரே ஒரு தடவை உன்னை நேர்மையாச் சாய்க்கணும்க்கா. அப்புறம் இந்த விரலும் போனாப் போகட்டும்" என்றான்.

அதற்காகத்தான் அவள் விளையாட்டின் வயிற்றைக் கிழித்தாள். தொப்பையனின் பெரிய அடிகளுக்கு ரிமோட்டின் ஸ்டிக்கைப் பாதி வட்டம் சுற்றி, கண்ணிமைப்பதற்குள் பட்டனை அழுத்த வேண்டும். ஒற்றைக் கட்டைவிரலால் அது நடக்காது. கம்பெனிக்காரன் பூட்டிய பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் எண்களை மாற்றும் வழியை, அந்த விளையாட்டின் ரசிகர்கள் இணையத்தில் கூடும் குழுவில் கேட்டுக் கற்றாள். குழுவில் 'மூணாம்பல்' என்று ஒருவர். ஆணோ பெண்ணோ, யாருக்கும் தெரியாது. "மாத்தின ஃபைல், பழசு இருந்த இடத்துல அதே அளவுல உட்காரணும். கடுகளவு கூடினாலும் திரை கறுத்துடும்" என்றாராம். கறுத்தது. பல வாரம் கறுத்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் படம் வந்தது. ஸ்டிக்கைச் சுற்றுவதற்கு உண்டான நேரத்தை நீட்டிவிட்டிருந்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

"நான் நடன்னு சொன்னா இவன் குட்டிக்கரணம் போடுறான்" என்று தம்பி சிரித்ததில் சளி அடைத்து, நான் குழாய் வைத்து உறிஞ்ச வேண்டியதாயிற்று.

கடைசியில் எல்லா அடிகளையும் ஒரே பட்டனில் கொண்டுவந்து சேர்த்தாள். அன்று அவன் ஜெயித்தான். அடுத்த ஆட்டமும் அவனுக்குத்தான். "யாருடி இங்க ராஜா?" என்று கத்தினான். அவள் தரையில் விழுந்து தோற்றவள்போல் நடித்தாள். நான் துணி மடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன். மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் அந்தச் சிரிப்பு நின்றது.

"குச்சி ஆறு உதை விட்டாத் தொப்பையன் காலி. இருபது வருஷமா ஆறுதான். இப்ப ஒன்பதுக்கும் நிக்கிறான்."

"அவனுக்குக் கொழுப்பு ஏறிடுச்சு போல."

"அக்கா."

அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். குச்சியின் உதைக்கு இருந்த வலுவை அவள் குறைத்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாள், அதுவும் இவனிடம்.

"ஊர்ல எல்லாரும் எனக்கு விட்டுக் குடுக்கிறாங்க. நீயுமா?" என்றான். கண்ணிலிருந்து வழிந்ததை அவனால் துடைத்துக்கொள்ள முடியாது. நான் துடைத்தேன்.

"நாளைக்கே மாத்திடறேன்டா."

நாளைக்கு முடியவில்லை. உதையின் வலுவும் ஒற்றைப் பட்டன் ஏற்பாடும் ஒரே ஃபைலில் கலந்து கிடந்தன. எந்த எண்ணை மாற்றினோம் என்று அவளுக்கே நினைவில்லை. மாற்றும் முன் ஒவ்வொரு படியிலும் ஒரு நகல் எடுத்து வை என்று மூணாம்பல் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தார். ஜெயிக்க வைக்கும் அவசரத்தில் இவள் நகலின் மேலேயே எழுதியிருந்தாள். தொடாத பழைய ஃபைலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. திரை மறுபடியும் கறுத்தது.

அதுவரை ஆட மாட்டேன் என்றான் அவன். பொய்யான பெட்டியைத் தொட மாட்டானாம். தினமும் உடம்பு துடைக்கும்போது அந்த விரலை மடக்கி நீட்டுவேன். சமையலறையில் வைத்து அவளிடம் சொன்னேன்: "சீக்கிரம் முடிம்மா. விரல் காத்திருக்காது."

"தெரியும் சிஸ்டரம்மா" என்றாள். கடைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ஒரு மாலை படம் வந்தது. ஒற்றைப் பட்டன் வேலை செய்தது. உதையின் வலு பழையபடி இருந்தது. கம்ப்யூட்டர் ஆட்டக்காரனோடு நாலு முறை மோதிப் பார்த்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். நான் அவன் முதுகுக்குத் தலையணை கொடுத்து, மணிக்கட்டுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தேன்.

"வாடி குச்சி" என்றான்.

தொப்பையன் நின்றான். குச்சி நின்றாள். தொப்பையன் நின்றுகொண்டே இருந்தான். தம்பியின் நெற்றியில் வியர்வை பூத்தது. விரல் அசையவில்லை.

"பட்டன் வேலை செய்யல. பேட்டரியைப் பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் விரலைப் பார்த்தேன். 'ஆமாடா, பேட்டரிதான்' என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்வது சுலபம்.

"பேட்டரி இருக்குடா" என்றாள்.

ஆட்ட நேரம் முடிந்து, இரண்டு பேருக்கும் வெற்றியில்லை என்று திரை அறிவித்தது. "டிராவாம்" என்றான் அவன். நான் அவன் கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை நான் போனபோது அவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் கூப்பிட்டான்.

"போடு அதை. தொப்பையன் சும்மா நிக்கட்டும். நீ உதை. நான் எண்ணணும்."

"வேணாம்டா."

"உதைக்கா."

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்து உதைத்தாள். தொப்பையன் தடுக்கவில்லை, நகரவில்லை. தம்பி வாய்விட்டு எண்ணினான். ஆறாவது உதையில் தொப்பையன் விழுந்தான்.

"சரியா இருக்கு" என்றான்.

அவள் பெட்டியை அணைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நான் அவனை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன்.