ஐயா மொழிபெயர்த்த கதை

1. போன கோடையில் ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழில் மொழிபெயர்த்தேன்.
2. பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு, சிவகாசியில் அச்சாகும் ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பினேன்.
3. "மதிப்பிற்குரிய ஐயா, ஆண்மை மிக்க நடை. அடுத்த இதழில் போடுகிறோம்" என்று பதில் வந்தது.
4. ஐயா பூப்போட்ட வாயில் சேலை கட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் புரூஃப் திருத்தப் போனார்.

நான் வேதியியல் படித்தவள். தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் மருந்துக் கலவையைச் சோதிக்கும் வேலை. விருதுநகரிலிருந்து தினமும் பஸ். கதையில், கணவனைப் பிரிந்து வந்த ஒருத்தி ரயில் நிலையத்தில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைப்பாள். மூலத்தில் அது ஒரு வரி. என் கையில் ஒரு பத்தியாகிவிட்டது: மருந்து சீறியது, மெழுகு உருகியது, குச்சி வளைந்து கருகியது. ஆசிரியருக்கு ஆண்மையாகப் பட்டது அந்தப் பத்திதான். பாவம், அது என் ஆபீஸ் அறிக்கை.

"வாங்கம்மா. ஐயா வரலியா?" என்றார் ஆசிரியர்.

"நான்தாங்க அந்த ஐயா."

நாற்காலி வந்தது. கலர் சோடா வந்தது. பிறகு சிவப்பு மைப் பேனா வந்து சிகரெட்டை அடித்தது.

"இவ ஊதுபத்தி பொருத்தட்டும்மா."

"ஸ்டேஷன்லயா? சீமையில நடக்குற கதைங்க இது. நேத்து வரைக்கும் சிகரெட்டு நல்லாத்தான இருந்துச்சு?"

"நேத்து வரைக்கும் நீங்க ஆம்பள. பொம்பளப் பேரு போட்டு இத அடிச்சா, 'இந்தப் பிள்ள எம்புட்டு நாளாச் சிகரெட்டுக் குடிக்குது'ன்னுல்ல கேப்பாக? முழுப் பேரு வேணும்னா ஊதுபத்தி. சிகரெட்டு வேணும்னா வெறும் எழுத்து. நீங்களே சொல்லுங்க."

இந்த ஊரில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் பெண்கள். கதையில்கூட ஒருத்தி தனக்கென்று ஒரு குச்சி உரசக் கூடாது. இதை அவரிடம் ஆணித்தரமாகச் சொல்லியிருப்பேன், சோடா புரையேறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அம்மா, மகள் பெயர் அச்சில் வரப்போவதாக வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். முழுப்பெயர் என்றே சொல்லிவிடலாம் என்று புரூஃபைப் பார்த்தேன். "யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுப் பற்றவைத்தாள்" என்று இருந்தது. மூலத்தில் அவள் சுற்றிப் பார்க்கவே இல்லை. பார்த்தது நான். பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கித் தின்பதற்கே நான் அப்படித்தான் பார்ப்பேன். அந்தப் பத்தியில் ஆசிரியர் அடிக்காமல் விட்டது அந்த ஒரு வரியைத்தான்.

அவர் பேனாவையே வாங்கி அதை அடித்தேன். சிகரெட்டைத் திரும்ப எழுதினேன்.

"அப்ப வெறும் எழுத்துத்தானம்மா?"

"ஆமாங்க."

இதழ் வந்ததும் அம்மா புரட்டிப் பார்த்தாள். "எங்கனடி ஒம் பேரு?"

காட்டினேன்.

"இத எவன்னு சொல்லுவேன் வார்டுல?"

கதை வெளிவந்துவிட்டது. அதில் அவள் யாரையும் பார்க்காமல் சிகரெட் பிடிக்கிறாள். வாசகர் கடிதங்கள் ஐயாவுக்கு வருகின்றன. என் முழுப்பெயர் இதுவரை எதிலும் அச்சாகவில்லை.