முதலாளி எழுதிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் முதலாளியின் பிரியாணிக் கடை கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் இருக்கிறது, சமையல் கூடம் ஜித்ராவில். இரண்டுக்கும் நடுவே பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது என் மின்னஞ்சல்தான். நான் அங்கே கிராணி, கணக்கும் கடிதமும் எழுதுகிறவள். விசேஷங்களுக்கு வரும் ஆர்டரை முதலாளி சொல்லச் சொல்ல எழுதி ஜித்ராவுக்கு அனுப்புவேன். கோழி கேட்டவருக்கு ஆட்டுக்கறி என்பார். பெண்டாங்கில் நடக்கிற கல்யாணத்தை ஜித்ராவில் வைப்பார். நான் சத்தமில்லாமல் திருத்திவிடுவேன். இது அவருக்கும் தெரியாது, ஜித்ராவுக்கும் தெரியாது. முதலாளிக்கு என்ன ஞாபகசக்தி என்று ஊரே புகழும்போது எனக்கு வயிறு எரியும்.

ஒரு பெருநாளுக்குக் கோலாலம்பூரிலிருந்து அவருடைய மருமகன் வந்தார். வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம்.

"இன்னுமா மாமா இமெயில்? இப்ப எல்லாம் ஆன்லைன் போர்டுலா" என்றார்.

முதலாளி, நான், ஜித்ரா சமையல்காரர், லோரி ஓட்டுநர் எல்லாரும் அவரவர் போனிலிருந்தே அந்த போர்டில் எழுதலாம், அழிக்கலாம். யார் எழுதினார், யார் அழித்தார் என்று பெயரோடு அது காட்டிக் கொடுக்கும். முதலாளிக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாளிலிருந்து ஒற்றை விரலால் தாமே தட்ட ஆரம்பித்தார். தட்டுவாரே தவிர, மற்றவர்கள் எழுதியதைப் படிக்கமாட்டார். படிப்பது எங்கள் வேலை. மின்னஞ்சலைத் திறப்பதையும் அன்றோடு விட்டுவிட்டார்.

ஒன்றை மட்டும் அந்த மருமகன் யோசிக்கவில்லை. முதலாளி எழுதியதை, எல்லாரும் பார்க்க, சொந்தப் பெயரில் எங்களில் எவர் அழிப்பது? அவர் கோழியை ஆடாக்கினால் சமையல்காரர் கீழே பணிவாக எழுதுவார்: "பாய் சொன்னது சரி. ஒருவேளை கோழியாகவும் இருக்கலாம்." ஓட்டுநர் அதற்கு ஒரு கும்பிடு பொம்மை போடுவார். பிறகு நாங்கள் போனில் பேசி எப்படியோ சமாளிப்போம்.

இந்த நிலையில்தான் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. சனிக்கிழமை காலையில் தேவாலயத்தில் திருமணம், பகலில் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு விருந்து. பத்திரிகையை நீட்டினேன். முதலாளி அதன் மேலே இருந்த சிலுவையைப் பார்த்தார், பிரித்துப் பார்க்கவில்லை.

"உன் தங்கச்சி எனக்கும் மக மாதிரிதான். சாப்பாடு என் செலவு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவதற்குள் போர்டில் அவர் வரி வந்து விழுந்தது: தங்கச்சி கல்யாணம், பிரியாணி, ஞாயிற்றுக்கிழமை.

வேதக்காரர்கள் என்றால் ஞாயிறு என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறு வேலை நாள். அன்றைக்கு எவராவது கல்யாணம் வைப்பார்களா?

இனாமாகக் கொடுக்கிறவரிடம் போய், ஒரு நாள் முன்னாலேயே கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? நினைத்தாலே கூசியது. பழைய மரியாதையோடு மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தேன். திறக்கவே இல்லை. போர்டில் சமையல்காரர் எழுதினார்: "பாய் சொன்னா சரிதான். சனிக்கிழமையும் நல்ல நாள்தான்." ஓட்டுநர் கும்பிட்டார்.

கூடாரம் நிறைய ஆட்கள், முன்னால் காலித் தட்டுகள், நடுவில் தலைகுனிந்து என் தங்கை. நாள் நெருங்க நெருங்க இதுவே கண்முன் ஓடியது. பொறுக்க முடியாமல் ஜித்ராவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, சனிக்கிழமைண்ணே. உங்களுக்கும் பத்திரிகை கொடுத்தேனே!"

"தெரியும்மா. சட்டைகூட எடுத்துட்டேன். ஆனா போர்டுல இல்லாம எப்படி அடுப்பு மூட்டுறது? பாய் எழுதினத நீயே அழிச்சிடேன்."

"நானா? நீங்க அழிங்கண்ணே."

"ஐயோ, என்னால முடியாதுலா!"

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் வரியைத் தொடாமல், அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: தங்கச்சி கல்யாணம், பிரியாணி, சனிக்கிழமை. சமையல்காரர் உடனே கட்டைவிரல் பொம்மை போட்டார். யார் மனமும் நோகவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை பிரியாணி சொன்ன நேரத்துக்கு வந்தது. சமையல்காரர் புதுச் சட்டையில் நின்று தம் கையாலேயே பரிமாறினார். முதலாளி மட்டும் வரவில்லை. விடுமுறைக் கூட்டம், கடையை விட்டு வர முடிந்திருக்காது என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

மறுநாள் பகலில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நைட்டியோடு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் லோரி வந்து நின்றது. உள்ளே பிரியாணி.

"முதலாளி வரி அப்படியேதான இருக்கு" என்றார் ஓட்டுநர்.

அவரைத் திட்ட வாயெடுப்பதற்குள் பின்னாலேயே முதலாளியின் கார். புதுச் சொங்கோக் தொப்பி, கமகமவென்று அத்தர், பக்கத்தில் மனைவி, கையில் பரிசுப் பெட்டி. இந்தக் கோலத்தில்தான் கடையிலிருந்து கிளம்பியிருக்கிறார். அங்கே ஒருவராவது வாயைத் திறந்தார்களா? போய்ட்டு வாங்க பாய் என்று வழியனுப்பி வைத்திருக்கிறார்கள், பாவிகள்.

"பொண்ணு மாப்பிள்ள எங்க?" என்றார் முதலாளி.

அப்பா கூடாரக்காரர்களுக்குச் சைகை காட்டினார். பிரித்த துணி மறுபடி மேலே ஏறியது. தங்கை உள்ளே ஓடி வெள்ளை கவுனுக்குள் புகுந்தாள். மாப்பிள்ளை அவசரத்தில் கைலிக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். வேலைக்குப் போகாத அக்கம்பக்கத்தாரை எல்லாம் அம்மா இழுத்து வந்து உட்கார வைத்தார். நேற்றுச் சாப்பிட்டவர்களே இன்றும் புதிதாகச் சாப்பிட்டார்கள்.

முதலாளி வயிறாரச் சாப்பிட்டார். இருவரின் தலையிலும் கைவைத்து வாழ்த்தினார். ஆண்டவரே, இவர் இப்படியே தெரியாமல் வீடு போய்ச் சேரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன்.

காரில் ஏறப் போனவர், ஆர்டர் முடிந்தது என்று குறிக்கப் போனை எடுத்து போர்டைத் திறந்தார். அவர் வரிக்குக் கீழே என் சனிக்கிழமை இருந்தது. அதன் எதிரே, முடிந்தது என்று சமையல்காரர் நேற்றே போட்ட பச்சைக் குறி. எங்கள் எழுத்தை அவர் முதன்முதலாகப் படித்தார். நெடுநேரம் படித்தார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, மனைவியின் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டார்:

"நேத்து சாப்பாடு எல்லாருக்கும் பத்துச்சாம்மா?"