குருபரப்பள்ளியில் நின்ற சிவப்புக் கார்

ஓய்வு பெற்றவன் எந்தக் காரை வைத்துக்கொள்ளலாம் என்பது ஓசூரில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளை நிறம், உயரமான இருக்கை, கியர் மாற்றும் வேலை இல்லாதது. என்னிடம் இருப்பது சிவப்பு. இரண்டே கதவு. உள்ளே உட்கார்ந்தால் பக்கத்து லாரியின் சக்கர நட்டுகள் கண்ணுக்கு நேராக வரும். இந்த வயதில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்பவர்களிடம், வேறு எந்த வயதில் எனக்கு நேரம் இருந்தது என்று திருப்பிக் கேட்பேன். உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் எனக்கு வாய்த்தது கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம்தான்.

கார் அடிக்கடி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது. பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் அனுப்பும் ரிலே என்ற சின்னப் பெட்டிதான் ஒவ்வொரு முறையும் போனது. திறந்தால் உள்ளே முனைகள் கருகியிருக்கும். புதிது போட்டால் கொஞ்ச நாள் ஓடும். பிறகு அதுவும் கருகும்.

கடைசியாக நின்றது குருபரப்பள்ளியில், கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில். என் மனைவி பட்டுப்புடவையோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றாள். கடந்து போன ஒவ்வொரு லாரியும் ஹாரன் அடித்து ஆசீர்வதித்தது. கையிருப்பில் இருந்த ரிலேயை மாற்றிப் போட்டு வீடு திரும்பினோம். வந்ததும் அவள் ஒரே ஒரு போன் செய்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம பெங்களூர்லேர்ந்து ஆளு வர்றாரு. நின்னு போற வண்டிய குடுத்துடறதா சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"வாங்கறப்ப நீங்க என்னைக் கேட்டீங்களா?"



மறுநாள் பாகலூர் சாலை மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொன்னார். "ரிலேவே வேணாம் சார். டைரக்டா போட்டு ஒரு சுவிட்ச் வச்சுடறேன். ஜென்மத்துக்கும் நிக்காது."

"வண்டி மோதிக் கவுந்தாலும் பம்பு நிக்காது. பெட்ரோல் ஊத்திக்கிட்டே இருக்கும்."

"நீங்க எதுக்கு சார் மோதறீங்க?"

நல்ல கேள்விதான். காரை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். தொழிற்சாலையில் ஒரு பாகம் கெட்டால் ஐந்து முறை ஏன் என்று கேட்போம். ஐந்தாவது பதில் எப்போதும் தொழிலாளிக்குப் பயிற்சி போதவில்லை என்பதாகவே இருக்கும். எல்லோரும் கையெழுத்திட்டு டீ குடிக்கப் போவோம். இங்கே பழிபோடத் தொழிலாளி யாரும் இல்லாததால் நிஜமாகவே கேட்க வேண்டியிருந்தது.

பம்பு அதிக மின்சாரம் இழுக்கிறதா? இல்லை. ரிலே போலியா? மூன்று கடைகளில் வாங்கியாயிற்று, மூன்றும் கருகின. அப்படியென்றால் குற்றம் ரிலேயில் இல்லை, அதைக் கருக்குவது வேறு எதுவோ. இன்ஜினை ஓடவிட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு முனையை ரிலேயின் எர்த் கம்பியிலும் மறு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தேன். எர்த் சரியாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்ட வேண்டும். இரண்டு வோல்ட் காட்டியது. அதே எர்த்தைப் பகிரும் ஹெட்லைட்டையும் ரேடியேட்டர் விசிறியையும் போட்டதும் ஐந்துக்குத் தாவியது. ரிலே டக்டக்கென்று துடிக்கும் சத்தம் கேட்டது. பிடித்துக்கொள்ளப் போதிய பலம் கிடைக்காமல் அது ஒட்டி ஒட்டி விலகியது. ஒவ்வொரு விலகலிலும் ஒரு பொறி. கருகாமல் என்ன செய்யும்?

எர்த் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே முன்பக்கம் போனேன். அது காரின் மூக்குக்கு அடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது என்று வயரிங் படம் சொன்னது. முழங்காலோடு பேச்சுவார்த்தை நடத்தி, தரையில் படுத்துப் பார்த்தேன்.

போல்ட் தெரியவில்லை. எலுமிச்சம்பழங்கள் தெரிந்தன. பச்சை மிளகாயோடு கம்பியில் கோத்த திருஷ்டிச் சரங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அந்தப் போல்ட்டையே சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. புதியது மஞ்சள், அடியில் இருந்தவை கறுப்பு. வடிந்த சாற்றில் போல்ட் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, எர்த் கம்பியின் நுனி பாதி தின்னப்பட்டிருந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். வந்து குனிந்து பார்த்தாள்.

"அமாவாசைக்கு அமாவாசை நான்தான் கட்டறேன். இந்த வண்டியில வேற எங்க கட்டறது? கையி போற எடம் அது ஒண்ணுதான்."

"ஒண்ணு கட்டினா போதாதா?"

"ஒவ்வொரு வாட்டி நின்னப்பவும் ஒண்ணு சேத்துக் கட்டினேன். கண்ணு அவ்ளோ பட்டிருக்குது."

நின்றதால் கட்டினாள், கட்டியதால் நின்றது. இவ்வளவு கச்சிதமாகச் சுழலும் ஒரு கோளாறை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன்.

"என் பழத்தக் குத்தம் சொல்லாதீங்க. எலுமிச்சம்பழத்துக்கே தாங்காத வண்டி லாரிக்குத் தாங்குமா?"

போல்ட்டை மாற்றினேன். அது உட்காரும் தகட்டை வெள்ளையாகும்வரை தேய்த்து, புதுக் கம்பி போட்டேன். மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றது. மனைவி அசையவில்லை. "மீட்டரு எனக்கு வேணாம். ஞாயித்துக்கெழம குருபரப்பள்ளிக்கு ஓட்டுங்க. நின்னா அங்கயே சாவியக் குடுத்துடணும்."

பெங்களூர்க்காரர் தன் காரில் பின்னால் வந்தார். மனைவி என் பக்கத்தில், இம்முறை பருத்திப் புடவையில். பட்டப்பகலில் ஹெட்லைட், ஏசி, விசிறி, வைப்பர் எல்லாவற்றையும் போட்டேன். எதிரே வந்தவர்கள் லைட் எரிகிறது என்று சைகை காட்டினார்கள். தெரியும் என்று நானும் காட்டினேன். சூளகிரி தாண்டியது. குருபரப்பள்ளி வந்தது. அதே ஓரத்தில் நானே நிறுத்தினேன். அணைத்தேன். போட்டேன். அணைத்தேன். போட்டேன். ஒவ்வொரு முறையும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பெங்களூர்க்காரர் இறங்கி வந்தார். இதுவரை தமிழில் குறை சொல்லிக்கொண்டிருந்தவர், கண் பளபளக்கக் கன்னடத்தில் ஆரம்பித்தார். "கொட்பிடி சார், கொட்பிடி. சொன்னதுக்கு மேலயே தர்றேன்." கொடுத்துவிடுங்கள் என்று அவர் கை சாவிக்காக நீண்டது.

நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி ஜன்னலை இறக்கினாள்.

"நின்னு போற வண்டியத்தான் குடுக்கறேன்னு சொன்னேன். இது ஓடுதே."

பிறகு என்னைப் பார்த்தாள். "எடுங்க. அந்த வைப்பர மட்டும் நிறுத்துங்க, மானம் போவுது."