மக்டலின் அக்காவின் ஐஸ்கட்டி

லொறியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஐஸ்கட்டியையும் மக்டலின் அக்கா விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். சத்தம் பிடிக்காவிட்டால் கட்டி திரும்பி ஏறவேண்டியதுதான். "உள்ளுக்க கோறை, வெறும் ஓட்டை. எனக்கே விக்கிறியோ?" சாரதி அடுத்த கட்டியை இறக்குவான்.

வயது அறுபத்தாறு. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சுனாமி வீட்டை அள்ளிக்கொண்டு போன பிறகு, ஒரு பெட்டியும் பழைய சைக்கிளுமாக ஐஸ் வியாபாரம் தொடங்கியவர். இன்று திருகோணமலைக் கரையில் பாதி வள்ளங்கள் அவருடைய ஐஸோடுதான் கடலுக்குப் போகின்றன. "ஒரு வெள்ளைக்காரன்ர உதவியும் இல்லாம எழும்பினனான்!" ஐஸ் வாங்க வருகிறவர் இதையும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

கடைக்கு எதிரே, வெளிநாட்டுக் கொடையில் கட்டிய ஐஸ் களஞ்சியம் பூட்டிக் கிடக்கிறது. திறப்புவிழாவுக்கு மேளம் அடித்தார்கள். கரண்ட் பில் கட்ட ஒருவரும் இல்லை. அதைப் பார்த்தாலே அக்காவுக்குக் கொதிக்கும்.

"வெளிநாட்டுக் காசு சும்மா வரக்குள்ள அரசாங்கத்தில ஒருத்தரும் எங்களிட்ட வரி கேக்கல்ல. அவை கேக்காததால, காசை என்ன செய்தவை எண்டு நாங்களும் கேக்கல்ல. கொடை நிண்டுது, கடன் எடுத்தாங்கள். கடன் குடுத்தவன் வரியைக் கூட்டு எண்டான். இப்ப கரண்டுக்கும் வரி, டீசலுக்கும் வரி, என்ர ஐஸுக்கும் வரி! எடுத்தது அவை, கட்டுறது நான்!"

இந்த வரியோடு கடை தாக்குப்பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தையும் கோபமாகத்தான் காட்டுவார்.

போன கிழமை ஒரு காலையில், மீன்பிடித் திணைக்களத்து அதிகாரி கிருஷாந்த் வெறும் லொறியோடு வந்து நின்றான்.

"அன்ரி, வெளிநாட்டு ஆக்கள் களஞ்சியம் பாக்க வருகினம். உங்கட கட்டியள ஒரு மணித்தியாலம் அங்க அடுக்கி வைப்பம். பிறகு திருப்பித் தாறம்."

"களஞ்சியம் ஓடுது எண்டு காட்டவோ?"

"ஓம். அடுத்த கடன் அதிலதான் இருக்கு. ஊருக்கு நல்லதுதானே?"

"அதையும் ஆர் தம்பி கட்டுறது? உம்மட மாமியாரோ?"

ஐஸுக்கு நின்ற மீனவர்கள் சிரித்தார்கள். கிருஷாந்தின் முகம் கறுத்தது.

"கடை லைசன்ஸ் புதுப்பிக்க எங்களிட்டதான் வரவேணும், அன்ரி. யோசிச்சுக் கதையுங்கோ."

சிரிப்பு நின்றது. கிருஷாந்தோடு வந்த கூலியாட்கள் கட்டிகளை ஏற்ற லொறியின் பின்கதவைத் திறந்தார்கள்.

மக்டலின் அக்கா கட்டிகளை மூடியிருந்த சாக்கை இழுத்தெறிந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முன்னால் கிடந்த பெரிய கட்டியின்மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.