உரையில் விட்டுப்போன பெண்

பக்கத்து வீட்டுக்காரர் தன் தந்தையின் இரண்டாம் உலகப்போர்க்கால நாட்குறிப்பை நீட்டியபோதே, நூலகத்தில் இதைப் பற்றிப் பேசவேண்டும் என்று துள்ளினேன். அந்தத் தந்தை ஜெர்மனியில் குண்டு வீசிவிட்டுத் திரும்பும்போது விமானத்தின் எஞ்சின் தீப்பிடித்தது. அவரோடு சேர்த்து ஏழு பேரும் பாரசூட்டில் குதித்தார்கள். லண்டன் செவன் கிங்ஸில் உள்ள எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அந்த உரையை நடித்தே காட்டினேன்.

"குதிச்சவர் எப்பிடித் தப்பினவர்?"

"ஒரு ஜெர்மன் மனுசி தண்ணி குடுத்து ஒளிச்சு வைச்சவ. அது உரையில இல்லை, அம்மா."

"எஞ்சின் கதை மட்டும் அரை மணித்தியாலமோ?"

சிரிக்கப்போனவனுக்கு, யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சில் இறந்த மாமாவின் நினைவு அப்போதுதான் வந்தது.

"மாமா மேல குண்டு போட்டவன் உங்கட வீட்டு முத்தத்தில விழுந்திருந்தா?"

"தண்ணி குடுத்திருப்பன். முகத்தைப் பார்த்திருக்க மாட்டன்."

அந்தத் தண்ணீரைக் கொடுக்க அந்த ஜெர்மன் பெண்ணுக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. சனிக்கிழமை உரையை அவளிடமிருந்து தொடங்கப்போகிறேன். அம்மாவையும் வரச்சொல்லிக் கேட்கவேண்டும்.