தம்பி காளிச்சாமியும் ஆறாயிரம் அடியும்

2019 மே 9 — 151 கிலோ
2024 பிப்ரவரி 12 — 146 கிலோ 300 கிராம்
2024 மே 10 — 131 கிலோ 800 கிராம்
2024 ஆகஸ்ட் 16 — 120 கிலோ 400 கிராம்
2024 டிசம்பர் 20 — 110 கிலோ 900 கிராம்
2025 ஜனவரி 10 — 109 கிலோ 200 கிராம்

இவை என் தம்பி காளிச்சாமியின் எடைகள். முதல் தேதி, அவன் கோயம்புத்தூரில் விமானம் ஏறி, அது கிளம்பும் முன்பே இறங்கி வந்த நாள். இரண்டாவது, கொச்சியில் ஒரு மருத்துவமனையில் அவன் இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு பட்டையை மாட்டிய நாள். மற்றவை எங்கள் தேங்காய்க் களத்து எடைமேடையில், வெள்ளிக்கிழமை காலை, வெறும் வயிற்றோடு அவனை நிற்கவைத்து நான் குறித்தவை.

எங்கள் ஊர் மலையாளப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே, பஸ்ஸில் இருபது நிமிடம். நான் 1952இல் பிறந்தவன், அவன் 1961இல். அப்பா இறந்த மறுவருடம் நான் தேவிகுளத்துக்கு அருகே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எடைக் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்விட்டேன். கொழுந்தின் எடையும் மழையின் அளவும் முப்பத்தைந்து வருடம் எழுதிவிட்டு ஊர் திரும்பி, தம்பி வீட்டுக்கு அருகே தனியாக இருக்கிறேன். அவன் ஐந்தாம் வகுப்போடு நின்று தோப்பையும் வயலையும் பார்த்துக்கொண்டான்.

எனக்கு ஒரே மகன், தாயை இழந்த நவீன்குமார். எஸ்டேட்டில் நாலாம் வகுப்புக்கு மேல் நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்று அவனை ஊரில் தம்பியிடம் விட்டேன். தம்பிக்கும் அவன் மனைவி காளியாத்தாளுக்கும் பிள்ளை இல்லை. ஒன்பது வயதில் போன பையன் சித்தூர் கல்லூரி முடிக்கும்வரை அங்கேயே இருந்தான். பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டைகள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் முப்பத்தொரு முறை ‘கா. காளிச்சாமி’ என்றுதான் இருக்கிறது. அப்போது நான் வருடத்துக்கு மூன்று முறை வருவேன். வந்த அன்று பையன் என்னை “வாங்க” என்பான். ஊருக்கு வந்த ஒறம்பரையை, விருந்தாளியை, அழைப்பதுபோல.

காளிச்சாமி எப்போதும் பருத்தவன். முழங்கால் அடிபட்டு இரண்டு வருடம் உட்கார்ந்த பிறகு மேலும் பருத்தான். அதனால் யாரும் அவனை இளக்காரமாகப் பார்த்ததில்லை. கல்யாண மண்டபத்தில் அவன் தலை தெரிந்தால் போதும், “பிளாஸ்டிக் சேரை எடுங்கப்பா, மாமனுக்கு இரும்புச் சேர் போடுங்க” என்று நாலு பேர் ஓடுவார்கள். அவன் உட்கார்ந்த பக்கம்தான் சிரிப்பு இருக்கும். ஐம்பத்தெட்டு கிலோவுக்கு மேல் ஏறாத என்னை எந்த நாற்காலியும் தாங்கும். ஆனால் எனக்கு நாற்காலி போட யாருக்கும் நினைவு வந்ததில்லை.

நவீன் சார்ஜாவுக்கு வேலைக்குப் போனான். 2016இல் என்னை வரச்சொன்னான். வர இயலாததற்கு ஏழு காரணங்கள் எழுதி அனுப்பினேன். இரண்டாம் முறை கூப்பிடுவான் என்று நினைத்தேன். அவன் கூப்பிடவில்லை. மூன்று வருடம் கழித்துச் சித்தப்பனைக் கூப்பிட்டான். சித்தப்பன் ஒரு காரணமும் சொல்லவில்லை, புது வேட்டி எடுத்தான். விமானத்திலிருந்து இறங்கி வந்த அன்று களத்தில் உட்கார்ந்து சொன்னான்:

“நீட்டு பெல்ட்டு ஒண்ணு குடுத்தாங்க, மாட்டுச்சு. கைப்பிடிதான் எறங்கலீங்ணா. பக்கத்துச் சீட்டுல ஒரு புள்ள, கைக்கொழந்தையோட. அவ சீட்டுல பாதி நாந்தான். நான் போனா அந்தக் கொழந்தை எம்மேலதான் படுத்துட்டு வரோணும். அதான் எந்திரிச்சு வந்துட்டேன்.”

காளியாத்தாள் அழுதாள். நான் உச்சுக்கொட்டினேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதாவிட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும்.

அறுவைக்கு அவன் ஒப்புக்கொண்டது நவீனுக்காக. “மாட்டுக்கு மூக்கணாங்கவுறு, எனக்கு வயித்துல கவுறு” என்று சொல்லி மருத்துவமனையில் நர்சுகளைச் சிரிக்கவைத்தான். பதினொரு தோசை உண்டவன் ஆறு கரண்டிக் கஞ்சிக்கு வந்தான். எதை உண்ணலாம், எதைக் கொஞ்சமாக, எதைக் கூடாது என்று மூன்று பத்தியில் ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவன் குடும்பத்தில் நான்தான் என்பதால் அது என் சட்டைப் பையில் இருந்தது. சமையலுக்கு ஆகாததை மட்டும் காளியாத்தாளுக்குப் படித்துச் சொல்லியிருந்தேன். கடைத் தின்பண்டம் எதுவும் அவள் வாங்குவதில்லை.

டிசம்பரில் நவீன் சார்ஜாவில் ஒரு வீடு வாங்கினான். பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, பால் காய்ச்ச நாள் குறித்தான். எங்கள் பக்கத்தில் புது வீட்டின் முதல் பாலை அந்தக் குடும்பத்துப் பெரியவர் பொங்கவிட வேண்டும். பெரியவர் என்றால் தகப்பன். தகப்பன் இல்லாத இடத்தில்தான் சித்தப்பன்.

நவீன் போனில் தம்பியிடம் சொன்னது, ஒலிபெருக்கி போட்டிருந்ததால், எனக்கும் கேட்டது. “சித்தப்பா, உங்க கையாலதான் பால் பொங்கோணும். நீங்க வராம அந்த ஊட்டுக்குள்ள காலெடுத்து வெக்க மாட்டேன். முப்பதாந்தேதி டிக்கெட், உங்களுக்கும் சித்திக்கும்.” பிறகு என்னிடம் பேசினான். தேதியைச் சொன்னான். அவ்வளவுதான்.

பட்டை மாட்டியவர் விமானத்தில் போகலாமா என்று காளிச்சாமி மருத்துவமனைக்குப் போன் செய்தான். பெர்சி என்ற நர்ஸ், மார்த்தாண்டத்துக்காரப் பெண், பதில் சொன்னாள். “போகலாம், பயம் வேண்டாம். விமானத்துக்குள்ள ஆறாயிரம், ஏழாயிரம் அடி மலை ஏறின மாதிரி இருக்கும். சிலருக்குப் பட்டை கொஞ்சம் இறுக்குற மாதிரி தோணும். தண்ணியை மெதுவா குடிங்க. டாக்டர் கடிதம் ஒண்ணு கையில வெச்சுக்கணும்.”

போனை வைத்ததும் தம்பி கேட்டான். “ஏனுங்ணா, உங்க தேவிகுளம் எத்தனை அடி?”

“எங்க ஆபீஸ் வாசல் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.”

“அப்பறம் என்னங்ணா! காரெடுத்துட்டு ஒரு நடை ஏறிப் பாத்துரலாமுங்க. அங்க ஒண்ணும் ஆகலீன்னா ஆகாசத்துலயும் ஒண்ணும் ஆகாது. மறுக்காலும் ஏரோப்ளேன்ல இருந்து எறங்கி நடக்க என்னால ஆகாதுங்ணா.”

மருத்துவர் யாரும் இப்படிச் சோதிக்கச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் அது மிகச் சரியான யோசனையாகத் தோன்றியது.

ஜனவரி 11, சனிக்கிழமை, காலை 5.10க்குக் கிளம்பினோம். வாடகைக் கார், ஓட்டியவர் பூபதிராஜா. உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு வழியாகத் தேவிகுளம் சேரும்போது 10.35. ஒவ்வொரு வளைவிலும் தம்பி வயிற்றைத் தடவிப் பார்த்து, “ஒண்ணுமில்லீங்ணா” என்றான். தாலுகா ஆபீஸ் அருகே ஒரு மணி நேரம் இருந்தான். நடந்தான், தண்ணீர் குடித்தான். ஒன்றும் ஆகவில்லை. சோதனை அங்கேயே முடிந்துவிட்டது.

பூபதிராஜா டீசல் போடப் போனார். நாங்கள் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் ஜெகன் முன்பு எங்கள் எஸ்டேட்டில் லாரி ஓட்டியவர். என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆனது. தம்பியோடு ஐந்தே நிமிடத்தில் தோளில் தட்டிப் பேசும் அளவுக்கு வந்துவிட்டார்.

“என்ன சாரு, இது உங்க கூடப்பொறந்த தம்பியா? சிரிக்கத் தெரிஞ்ச ஆள் உங்க வீட்டுலயும் ஒருத்தர் உண்டுன்னு முப்பத்தஞ்சு வருசமா சொல்லவே இல்லையே!”

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் வேலை செய்த ஊரில், நான் மழை அளந்த ஊரில், அவனோடு சேர்ந்து சிரித்தார்கள்.

ஜெகன் ஒரு பன்னை வெட்டி, வெண்ணெய் தடவித் தம்பி முன்னால் வைத்தார். “இது நம்ம கணக்கு. சாப்பிடுங்க.”

தம்பி அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்தான். “ஏனுங்ணா, இது உண்ணலாமுங்களா? சீட்டுல என்ன போட்டிருக்குது?”

மூன்றாவது பத்தியில் முதல் சொல்லே ரொட்டி, பன். பட்டைக்கு மேல் அது பிசைந்த மாவாக அடைத்துக்கொள்ளும் என்று கீழே விளக்கமும் உண்டு. தாள் என் பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை.

“உண்ணு” என்றேன்.

இரண்டாவது கடி போனதும் கையை நெஞ்சில் வைத்தான். வாயில் எச்சில் ஒழுகியது. எழுந்து தேயிலைச் செடி ஓரம் போய்க் குனிந்தான். நுரையாக வந்தது, பிறகு பன் வந்தது. கண்ணெல்லாம் நீர். ஜெகன் முதுகைத் தடவினார். இருபது நிமிடம் கழித்துத்தான் அவனுக்குப் பேச்சு வந்தது.

“உசரங்ணா... உசரந்தான். எனக்கு ஆகாசம் எழுதலீங்ணா.”

“ஆமா. உயரம்தான்” என்றேன். நோட்டிலும் அப்படியே எழுதினேன்: 11.50, மூச்சு முட்டல், வாந்தி, காரணம் உயரம்.

வீட்டுக்கு வந்ததும் காளியாத்தாள் கேட்டாள். “ஏனுங் மாமா, அங்க என்னத்த உண்டாரு?”

தம்பி களைத்துப் படுத்திருந்தான். நான் சொன்னேன், “கஞ்சித்தண்ணி மட்டுந்தான்.”

பெர்சியிடம் நான் விஷயத்தைச் சொன்னபோது அவள் குரல் மாறிவிட்டது. நடந்ததை நேரத்தோடு, உண்டதோடு வரிசையாக எழுதி அனுப்ப வேண்டும் என்றாள். டாக்டர் பார்த்துக் கடிதம் தரும்வரை பயணம் கிடையாது. எழுதவேண்டியவன் நான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பொங்கல் அன்று தம்பி நவீனிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டுத் தோப்புக்குள் போனான், மதியம்வரை வரவில்லை.

மறுநாள் நவீன் என்னைக் கூப்பிட்டான். “அப்பா, சித்தப்பாவால ஆகலீங்களே. நீங்க வாங்கப்பா. பால் நீங்களே காச்சுங்க. பாஸ்போர்ட்டு இருக்குதுங்களா?”

இருந்தது. 2016இல், ஏழு காரணங்களை எழுதிய அதே மாதத்தில், யாருக்கும் சொல்லாமல் எடுத்தது. ஒரு முத்திரைகூட விழாதது. இருக்கிறது என்றேன். என் மகன் வீட்டில், என் கையால். அந்த மகிழ்ச்சி ஒரு நிமிடம் இருந்திருக்கும்.

“சித்தப்பாதானுங்கப்பா சொன்னாரு. ‘அண்ணன் இத்தனை வருசமா நீ கூப்பிடுவீன்னு காத்துட்டே இருக்கறாரு, மறுக்கா ஒருதரம் கூப்பிட்டயாடா’ன்னு என்னைய நெம்பத் திட்டிப்போட்டாரு.”

நான் போனை வைத்துவிட்டேன்.

என் மகனை வளர்த்தவன் அவன். என் ஊரில் சிரிப்பை வாங்கியவன் அவன். இப்போது என் இடத்தையும் அவனே எனக்கு எடுத்துக்கொடுக்கிறான். நான் காத்திருந்தது என் மகனுக்குத் தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் உண்டு மிஞ்சியதை நான் உண்ண மாட்டேன். மனம் திருந்தி உண்மையைச் சொன்னேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அவன் கொடுத்த டிக்கெட்டில் போக எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் சொன்னேன்.

ஜனவரி 16 காலையில் மருத்துவருக்கு எழுதினேன். 10.35 முதல் 11.40 வரை எந்தத் தொந்தரவும் இல்லை. 11.45க்கு வெண்ணெய் தடவிய பன். உண்ணலாமா என்று கேட்டபோது, கூடாது என்று தெரிந்தும், உண்ணச் சொன்னவன் நான். காரணம் உயரம் அல்ல. கையெழுத்துப் போட்டு, அனுப்பும் முன் தம்பி வீட்டுக்கு எடுத்துப்போய் இருவருக்கும் படித்துக்காட்டினேன்.

காளியாத்தாள்தான் முதலில் பேசினாள். “தெரிஞ்சேங்களா மாமா? அடைச்சு உசுரு போயிருந்தா அதையும் நோட்டுல எழுதிவெச்சிருப்பீங்களா?”

நான் கடிதத்தை மடித்தேன்.

“ஊருக்கே நேரங்காலம் எழுதறவரு, சொந்தத் தம்பிக்கு பன்னு எழுதுனாராமா!” அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப உசரம் ஒண்ணும் பண்ணலீங்களா?” என்று கேட்டான்.

“இல்ல.”

“மெய்யாலுமா?”

“ஒரு மணி நேரம் உன்னப் பாத்துட்டே இருந்தேன். ஒண்ணும் ஆகல.”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. என்மேல் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்பட்டால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “போவுதுங்ணா, உடுங்க. பதினோரு மாசத்துல அந்த ரெண்டு வாய்தான் ருசியா உண்டேன்” என்றான். மன்னிப்பதிலும் அவனே முந்திக்கொண்டான். “நவீனுகிட்டச் சொல்றேன், மூணு டிக்கெட்டாப் போடச் சொல்லி. நீங்களும் வாங்ணா.”

“நீ சொல்லி வர்றதா இருந்தா நான் வரல.”

உள்ளேயிருந்து காளியாத்தாளின் குரல் வந்தது. “வராட்டிப் போறாரு, உடுங்க!”

22ஆம் தேதி அவனைக் கொச்சிக்கு வரச்சொல்லி, மருந்து கலந்த நீரைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். பட்டை நகரவில்லை. மருத்துவர் அறுவை அரங்கில் இருந்ததால், கையெழுத்துப் போட்ட கடிதம் தபாலில் வரும் என்று அனுப்பிவிட்டார்கள். 23, 24, 25 தேதிகளில் வரவில்லை. 26 ஞாயிறு. காளியாத்தாள் பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள், என்னோடு பேசவில்லை. தம்பி வாசலிலேயே நின்றான். நவீன் அதன்பின் என்னை அழைக்கவில்லை. அழைத்திருந்தால் போயிருப்பேனா என்று எனக்கே தெரியாது.

தபால்காரர் உறையைத் தம்பியிடம் கொடுக்க, அவன் பிரிக்காமல் என்னிடம் நீட்டினான். “நீங்களே படிங்ணா. எனக்கு வேற யாரு இருக்கறாங்க.” ஆங்கிலத்தில் நாலு வரி. உயரத்தால் தடை இல்லை, பயணம் செய்யலாம், வழியில் திரவ உணவு மட்டும். ஒரு சொல் விடாமல், ஒரு சொல் சேர்க்காமல் தமிழில் படித்துச் சொன்னேன். கடிதம் வந்தது 2025 ஜனவரி 27, திங்கட்கிழமை, காலை 11.20.