காற்றுக்கு வெட்டிய ராத்தல்

ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா கொழுந்து பறித்தாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் போகாததற்குக் காரணம் காற்று என்றால் நம்புவீர்களோ என்னவோ.

வாத்தியார் ஒருநாள், காற்றுக்கும் எடை உண்டு, உங்கள் லயத்து ஒற்றை அறை வீட்டுக்குள் இருக்கும் காற்றை மட்டும் நிறுத்தால் அரை மூட்டை அரிசிக் கனம் வரும் என்றார். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவ்வளவு கனமும் தலையில் விழுந்துவிட்டால்? எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற பிள்ளை நான். அன்று முதல் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தபடியேதான் கஞ்சி குடித்தேன்.

கவலை அதோடு நிற்கவில்லை. சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது, கூடையின் எடை என்று சொல்லி, வேலையை மேற்பார்க்கும் கங்காணி இரண்டு ராத்தல், கிட்டத்தட்ட ஒரு கிலோ, வெட்டுவார். வெறுங்கூடையை நான் ஒரு விரலால் தூக்கியிருக்கிறேன். ஒரு ராத்தல் வெல்லம் அதைவிடக் கனக்கும். அப்படியானால் மீதி? கொழுந்துக்கு இடையே இருக்கும் காற்றைத்தான் அவர் கழிக்கிறார் என்று முடிவுகட்டினேன். எடை குறைந்தால் அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. காற்றை வெளியேற்றிவிட்டால் தீர்ந்தது!

மறுநாள் அம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரம், கூடைக்குள் இறங்கி மிதித்தேன். விளிம்பு வரை இருந்த கொழுந்து பாதிக்கு இறங்கியது. பார்த்ததும் எனக்கே பயம். எடையும் பாதியாகிவிட்டதோ?

தராசில் மாட்டியபோது முள் வழக்கமான இடத்திலேயே நின்றது. எனக்கு உயிர் வந்தது. கங்காணி கூடைக்குள் கையை விட்டார். கொழுந்து சூடேறி, கன்றிச் சிவந்திருந்தது. அவர் அம்மா பக்கம் திரும்பினார்.

“என்ன புள்ள, கொழுந்தா இது? மாடு கூடத் திங்காது. இன்னிக்கு உனக்கு அரைப்பேருதான்.”

நான் முந்திக்கொண்டேன். “காத்தையெல்லாம் மிதிச்சு வெளியேத்திட்டேன், கங்காணியாரே. கூடைக்கு மட்டும் வெட்டுங்க, காத்துக்கு வெட்டாதீய.”

வரிசையில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. என்னை அடிக்கவும் இல்லை. கொழுந்தைச் சாக்கில் கொட்டினாள். வெறுங்கூடையைத் தானே கொக்கியில் மாட்டினாள். முள் ஒரு ராத்தலைக்கூட எட்டவில்லை. சிரிப்பு நின்றது.

“கூடைக்குன்னு ரெண்டு ராத்தல் வெட்டுனீயளே. மிச்சம் எதுக்கு? எம்மக சொல்லுதாப்ல காத்துக்கா?”

“எறக்குடி கூடையை.”

“எல்லாரும் பாத்துக்கிடட்டும். பொறவு எறக்குதேன்.”

அரைப்பேர் அரைப்பேராகவே போயிற்று. மறுவாரம் கங்காணி ஏற்பாட்டில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, கொழுந்து பறிப்பவர்களின் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகையில் தொட்டில் ஆட்ட அனுப்பினார்கள். கொழுந்தைப் பாழாக்கியதற்குத் தண்டனை என்றே நான் நெடுங்காலம் நம்பினேன்.

தொட்டிலை ஆட்டிக்கொண்டே சாயங்காலங்களில் எட்டிப் பார்ப்பேன். கொழுந்தைக் கொட்டியதும் ஒவ்வொருத்தியும் வெறுங்கூடையை மறுபடி கொக்கியில் மாட்டுவாள். கங்காணி எவ்வளவு கத்தினாலும், முள் ஆடி அடங்கும்வரை நகர மாட்டாள். முதல் ஆள் என் அம்மா.

கூடைக்குள் காற்று ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் நான் என்று பெருமை வேறு.